பண்ணை விளையாட்டில் உங்கள் முதல் செல்லப்பிராணி

பண்ணை விளையாட்டு ஒன்றைப் புதிதாக இறக்கி வைத்துக்கொண்டு "எதை நட்டால் சீக்கிரம் காசு பார்க்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பூனை வளர்க்கப் போகிறீர்களா, நாயா? பயிர்க் கணக்கு போகப் போகத் தானே பிடிபட்டுவிடும். எந்த விதை எத்தனை நாளில் விளையும், எதை விற்றால் எவ்வளவு தேறும் என்பதெல்லாம் இரண்டு பருவம் ஓடினால் மனப்பாடமாகிவிடும். சில மாதம் கழித்தும் அந்தப் பண்ணையைத் திறந்து பார்க்கத் தோன்றுமா என்பதை வாசலில் படுத்திருக்கும் அந்தப் பிராணிதான் முடிவு செய்கிறது. நான் பார்த்தவரை இது பெரும்பாலும் பொய்க்கவில்லை.

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போதும், பிள்ளைகள் தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விளையாடலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். விளையாட்டு அனுபவமே இல்லாதவர்களும் பின்பற்றலாம். உதாரணங்களைப் பெரும்பாலும் ஸ்டார்டியூ வேலி விளையாட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. புதியவர்கள் இந்த வகைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் முடிவான கருத்து.

எதில் விளையாடுவது

கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், கைத்தொலைபேசி, டேப்லெட் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் சாதனத்திலேயே தொடங்குங்கள். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். இடையில் விளம்பரம் வராது, வைரம் வாங்கு, நாணயம் வாங்கு என்ற நச்சரிப்பும் இல்லை.

விளையாட்டில் ஒரு நாள் என்பது காலை 6 மணிக்குத் தொடங்கி, அதிகபட்சம் நள்ளிரவு தாண்டி 2 மணிவரை. நம் கடிகாரத்தில் அது ஏறக்குறைய 14 நிமிடம். ஈசூனில் ரயில் ஏறினால் பீஷான் நெருங்கும்போது ஒரு நாள் முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். கணினியிலும் ஸ்விட்ச்சிலும் கட்டிலில் போய்ப் படுத்தால்தான் அன்றைய விளையாட்டு சேமிக்கப்படும். அதனால் "இன்னும் ஒரு நாள்" என்று தொடங்குமுன் கையில் கால் மணி நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனையா நாயா, என்ன பெயர்

உங்கள் பாத்திரத்தின் முகம், சட்டை, தலைமுடியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே பிராணியையும் கேட்டுவிடுவார்கள். பலர் தலைமுடியில் நேரத்தைச் செலவழித்துவிட்டு இதை அப்படியே கடந்து போகிறார்கள். அங்கே சற்று நில்லுங்கள். பூனையிலும் நாயிலும் பல வகை உண்டு. பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வொன்றாகக் காட்டும். இரண்டுக்கும் பலனில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் பார்க்கும் பூனையின் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, சின்ன வயதில் ஊரில் பார்த்த நாயை நினைத்து எடுத்தாலும் சரி.

விளையாட்டில் தமிழ் மொழி இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். ஆனாலும் தமிழ்ப் பெயரே வையுங்கள் என்று சொல்வேன். என் அம்மா செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் கோழிகள், பக்கத்து வீட்டு ஆடு, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுத் திரிந்த ஒரு நாய் என்று அந்தக் காலத்தை இன்னும் சொல்வார். டேப்லெட்டில் என் பண்ணையைக் காட்டியபோது அவர் கண் வயலில் நிற்கவில்லை.

"நாய்க்கு என்னப்பா வேலை?"

"ஒரு வேலையும் இல்லம்மா. சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்."

"அப்போ அது சரியான நாய்தான்."

பெயரையும் அவரே சொன்னார்: மணி. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. அன்றிலிருந்து வீட்டில் யாரும் "விளையாட்டு எப்படிப் போகிறது" என்று கேட்பதில்லை; "மணி எப்படி இருக்கு" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பெயர் அவ்வளவு செய்யும்.

முதல் வசந்தம்

பெயர் வைப்பது முதல் நாளே நடந்துவிடாது. பண்ணைக்கு வந்து இறங்கியதும் கையில் கொடுப்பது 15 பார்ஸ்னிப் (ஒரு கிழங்கு வகை) விதைகள். புல்லையும் கல்லையும் கொஞ்சம் வெட்டிச் சுத்தம் செய்து, மண்ணைக் கொத்தி, விதையை நட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் வசந்த காலத்தில் ஒரு காலை, கதவைத் திறந்து வெளியே வரும்போது கால்நடைப் பண்ணை வைத்திருக்கும் மார்னி வாசலில் நிற்பார். பண்ணைக்கு வெளியே இதைக் கண்டேன், நீங்கள் வளர்க்கிறீர்களா என்று கேட்பார். ஆம் என்று சொல்லுங்கள். தட்டச்சுப் பெட்டி திறக்கும், பெயர் கொடுங்கள்.

அவர் வரவில்லையே என்று தவிக்க வேண்டாம். கொஞ்சம் விளைச்சலை விற்றுக் காசு சேர்த்திருந்தால், நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் வந்துவிடுவார். விதை, மீன், காட்டில் பொறுக்கிய வெங்காயம் என்று கிடைப்பதையெல்லாம் பத்திரப்படுத்திக்கொண்டே போகாமல், வீட்டருகே உள்ள பெட்டியில் சிலவற்றைப் போட்டு விற்றுவிடுங்கள்.

காலை வழக்கம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

காலை 6 மணி. கதவைத் திறந்ததும் வயலுக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் மரத்தால் ஆன ஒரு கிண்ணம் இருக்கும், காலியாக. பூவாளியைக் கையில் எடுத்து, பயிருக்கு ஊற்றுவது போலவே அதற்குள் ஊற்றுங்கள். கிண்ணத்தில் நீலமாகத் தண்ணீர் தெரியும். அடுத்து பிராணி எங்கே என்று தேடுங்கள். மழை நாளில் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வெயில் நாளில் வெளியே ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது நீட்டிப் படுத்திருக்கும். அருகில் போய்த் தொடுங்கள். தொலைபேசியில் விரலால் ஒரு தட்டு, ஸ்விட்ச்சில் 'ஏ' பொத்தான், கணினியில் வலது கிளிக். பூனையானால் ஒரு மியாவ். தலைக்கு மேல் சின்னதாய் ஒரு இதயம் எழும்பி மறையும். முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 10 விநாடிகூட ஆகாது.

இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. தடவிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 12 புள்ளி, கிண்ணத்தை நிரப்பினால் 6. முழு நட்புக்கு 1,000 புள்ளி வேண்டும். 200 புள்ளிக்கு ஒரு இதயம் வீதம் மொத்தம் ஐந்து இதயங்கள். ஒரு பருவத்துக்கு 28 நாள். நாள் தவறாமல் இரண்டையும் செய்தால் 56 நாள், அதாவது சரியாக இரண்டு பருவத்தில் நட்பு முழுமையாகிவிடும். நம் நேரத்தில் சுமார் 13 மணி நேர விளையாட்டு. ஒரே நாளில் பத்துமுறை தடவினாலும் 12 புள்ளிதான் ஏறும். தடவிக்கொண்டே இருப்பதில் தவறில்லை, ஆனால் நட்பை அவசரப்படுத்த முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய பதிப்பில் மெனுவுக்குள் விலங்குகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை இதயம் ஆகியிருக்கிறது, இன்று தடவியாயிற்றா என்பதை அங்கே பார்க்கலாம். தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நட்பு முழுமையானதும், அதற்கு உங்கள்மேல் அன்பு உண்டு என்று ஒரு வரிச் செய்தி தானாகவே வரும். முன்பின் எந்தச் சத்தமும் இல்லாமல் வரும் அந்த ஒரு வரிக்காகவே நாள் தவறாமல் கிண்ணத்தை நிரப்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அது எதற்கும் உதவாது என்பதே அதன் அழகு

புதியவர்கள் அடிக்கடி கேட்பது: நாய் காக்கையை விரட்டுமா? விரட்டாது. காக்கைக்குச் சோளக்கொல்லைப் பொம்மைதான் வைக்கவேண்டும். பூனை எலி பிடிக்குமா? பிடிக்காது. மீன் பிடிக்க, சுரங்கத்தில் சண்டை போட, எதற்கும் கூட வராது. மூன்றாம் ஆண்டின் முதல் நாள், பண்ணையை உங்களுக்கு விட்டுச்சென்ற தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடும்போது, பிராணியோடு முழு நட்பு இருந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். நட்பு முழுமையான பிராணி எப்போதாவது ஏதேனும் ஒரு பொருளைப் பரிசாகக் கொண்டுவரும். அவ்வளவுதான்.

"அப்படியானால் அதற்கு ஏன் நேரம் ஒதுக்கவேண்டும்?" என்பது நியாயமான கேள்வி. பண்ணை விளையாட்டில் கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பூசணிக்கு விலை, முட்டைக்கு விலை, உங்கள் உடல் தெம்புக்கே ஓர் அளவுகோல் திரையின் மூலையில் நிற்கும். கோழியைப் பார்த்தால் முட்டை நினைவுக்கு வரும், பசுவைப் பார்த்தால் பால். அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் எண்களையே பார்க்கிறோம். அந்தத் தோட்டத்தில் விலைச்சீட்டு இல்லாமல் நடமாடும் உயிர் அந்தப் பூனையோ நாயோதான். விளைச்சல் பொய்த்த நாளிலும் அது அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். நான்கு நாள் திறக்காமல் விட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ளாது. சாகாது, ஓடிப்போகாது. வேலைக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு அந்த நிம்மதி எவ்வளவு தேவை என்பதைச் செய்து பார்த்தால் புரியும்.

பிராணியை வேலைக்காரனாக மாற்றும் விளையாட்டுகளும் இருக்கின்றன. களை பிடுங்கும், பொருள் பொறுக்கும், சண்டைக்குத் துணை வரும். வசதிதான். ஆனால் சில நாள் போனால் அதை ஒரு கருவியாகவே பார்க்கப் பழகிவிடுவோம். புதியவர்கள் சும்மா இருக்கும் பிராணியோடு தொடங்குவதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வழக்கம் பழையது. 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் ஹார்வெஸ்ட் மூன் விளையாட்டிலேயே வீட்டு வாசலில் ஒரு நாய் உண்டு. அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா, மியாசாக்கி வட்டாரத்தின் நாட்டுப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர்; நகரத்துக்கு வந்தபின் விட்டுவந்த ஊரின் அருமை புரிந்து அதை விளையாட்டாக்கினார். பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவில் கொண்டுவந்து கட்டும் மாடுகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் நமக்கு அந்த ஏக்கத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கோழி, பசு, குதிரை

செல்லப்பிராணியும் பண்ணை விலங்கும் ஒன்றல்ல. கோழி வளர்க்க முதலில் கூண்டு கட்டவேண்டும்: 4,000 காசு, 300 மரம், 100 கல். பிறகு கோழி ஒன்றுக்கு 800 காசு. இவற்றுக்குத் தினமும் தீனி போடவேண்டும், தடவிக் கொடுக்கவேண்டும். நட்பு கூடினால் முட்டையின் தரமும் கூடும், கவனிக்காவிட்டால் முகம் வாடும். இரவில் கூண்டுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் காட்டு விலங்கு தூக்கிக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு. எனவே சாயங்காலம் எல்லாம் உள்ளே வந்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

முதல் வசந்தத்திலேயே கூண்டு கட்டிக் கோழியை நிரப்பிவிடாதீர்கள். செல்லப்பிராணியின் காலை வழக்கம் கைக்குப் பழகிய பிறகு இரண்டு கோழியோடு தொடங்கினால் போதும். குதிரை இன்னும் பிறகு. லாயத்துக்கு 10,000 காசும் 100 ஹார்ட்வுட்டும் (கடின மரம்) 5 இரும்புக் கட்டியும் வேண்டும். வந்துவிட்டால் ஊருக்குள் போய்வரும் நேரம் நன்றாகக் குறையும்.

இன்னொன்று வேண்டுமென்றால்

2024 மார்ச்சில் கணினிக்கும், அதே ஆண்டு நவம்பரில் தொலைபேசிக்கும் ஸ்விட்ச்சுக்கும் வந்த 1.6 பதிப்பிலிருந்து ஒன்றுக்கு மேல் வளர்க்கலாம். முதல் பிராணியோடு நட்பு முழுமையானால்தான் மார்னியின் கடையில் இந்த வசதி திறக்கும். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. பூனையோ நாயோ 40,000 காசு. பச்சை ஆமை 60,000. ஊதா ஆமை 5 லட்சம்! புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். தச்சர் ராபினிடம் 5,000 காசும் 25 ஹார்ட்வுட்டும் கொடுத்தால் கட்டித் தருவார். நாய்க்கும் பூனைக்கும் தொப்பி போட்டுவிடலாம். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு அதைத் தொட்டால் போதும்.

அவசரம் வேண்டாம். மூன்று பிராணி என்றால் காலையில் மூன்று கிண்ணம். அந்த வேலை பாரமாகத் தோன்றத் தொடங்கினால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேறு விளையாட்டுகள்

ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் வரிசையில் வந்த ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுன் நாயோடு தொடங்குகிறது. பிறகு கேப்பிபாரா, பென்குயின்கூட வளர்க்கலாம். ரூட்ஸ் ஆஃப் பாச்சா கற்காலத்தில் நடக்கிறது. அங்கே புல்லாங்குழல் ஊதித்தான் காட்டு விலங்கைப் பழக்கவேண்டும், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோரல் ஐலண்ட் இந்தோனீசிய நிறுவனம் உருவாக்கியது. தீவும் கடலும் பழங்களும் நமக்குப் பழக்கப்பட்டவையாக இருக்கும். டிஸ்னி டிரீம்லைட் வேலியில் அணில், முயல், ஆமை, நரி என்று ஒவ்வொன்றுக்கும் பிடித்த தீனியைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பழகவேண்டும். பழகியபின் கூடவே நடந்து வரும். ஆனால் அதற்குள் காசு கொடுத்து வாங்கும் கடை இருக்கிறது.

பிள்ளைகள் கையில் கொடுப்பதற்குமுன் அந்தக் கடை விஷயத்தைக் கவனியுங்கள். தொலைபேசியில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல பண்ணை விளையாட்டுகளில் பிள்ளைகளின் கண்ணைப் பிடிப்பது அழகான நாய்க்குட்டியின் படம்தான். அதையே பூட்டு போட்டு வெள்ளிக்கு விற்பார்கள். தொடக்கநிலைப் பிள்ளை அழுது கேட்கும்போது மறுப்பது எளிதல்ல. ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்றிருக்கும் விளையாட்டை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

உண்மைப் பூனை வேண்டும் என்று தோன்றினால்

கொஞ்ச நாள் விளையாடியதும் வீட்டிலும் ஒன்று வளர்க்கலாமே என்ற பேச்சு வரும், அதுவும் பிள்ளைகளிடமிருந்து. நல்ல ஆசைதான், ஆனால் அது வேறு கணக்கு. விளையாட்டில் நான்கு நாள் திறக்காமல் விடலாம். வீட்டில் ஒரு வேளைகூட விட முடியாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நெடுங்காலம் பூனைக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் நிலைமை மாறியிருக்கிறது: ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்கவேண்டும், மைக்ரோசிப் பொருத்தவேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் 2026 ஆகஸ்ட் 31 வரையிலான இடைக்காலத்துக்குள் இதை முடிக்கவேண்டும். நாய் என்றால் வீவக அனுமதித்த சிறிய இனங்களில் ஒன்றே ஒன்று; உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க அடோர் என்ற தனித் திட்டம் உண்டு. இவற்றைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு. முதல்முறை பூனை உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இணையத்தில் ஒரு பிராணி வளர்ப்புப் பாடத்தை முடிக்கவேண்டும். முடிவெடுக்கும் முன்பே வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பாடத்தைச் செய்துவிடுங்கள் என்பேன். பாதியில் யாருக்காவது மனம் மாறினால், அது பூனை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாறுவதே நல்லது.

எல்லாரும் சரி என்றால், பூனையைக் கொண்டுவரும் முன் ஜன்னல்களுக்கும் வாசல் கம்பிக் கதவுக்கும் வலை போட்டுவிடுங்கள். பத்தாவது மாடி ஜன்னல் விளிம்பில் பூனை நடக்கும் நடையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மருத்துவர் செலவையும் மணல் செலவையும் மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள். வெளியூர் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். இதெல்லாம் ஒத்துவந்தால் கடைக்குப் போகாமல், தத்துக்கொடுக்கும் அமைப்பு ஒன்றுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்; வளர்ந்த பூனைகளையும் கேட்டுப் பாருங்கள், குட்டிகளைப் போல அவற்றுக்குச் சீக்கிரம் ஆள் கிடைப்பதில்லை.